ஆளெடுப்போரின் அறம்

நெல்லை அளப்பவன் கையில் மரக்கால் இருக்கிறது. பொன்னை நிறுப்பவன் கையில் தராசு இருக்கிறது. மரக்காலுக்கும் தராசுக்கும் அரசின் முத்திரை உண்டு. முத்திரையில்லாத அளவையை வைத்துக்கொண்டு வாணிகம் செய்வோருக்குத் தண்டனையும் உண்டு. ஆனால் மனிதனையே அளந்து, ‘இவன் வேலைக்கு ஆவான், இவன் ஆகான்’ என்று தீர்ப்புச் சொல்லும் தொழில் ஒன்றும் உலகில் நடந்து வருகிறது. அந்தத் தீர்ப்பினால் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது. மற்றொரு வீட்டில் அணைகிறது. இத்தகைய தொழிலைச் செய்வோரின் அளவுகோலுக்கு முத்திரை இடுபவர் யார்? அவர்கள் தவறினால் கேட்பவர் யார்? இந்த வினாவின் வரலாற்றைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது இப்பேச்சின் நோக்கம்.

இத்தொழிலைச் செய்தவர்களுக்குக் காலந்தோறும் வெவ்வேறு பெயர்கள் வழங்கி வந்திருக்கின்றன. தோட்டங்களில் அவர் கங்காணி, ஆலைகளில் மேஸ்திரி, பின்னர்த் தொழிலாளர் நல அலுவலர், அதன் பின்னர்ப் பணியாளர் அதிகாரி, இன்று மனிதவள மேலாளர். உடை மாறிற்று, மொழி மாறிற்று, உட்காரும் இடமும் மாறிற்று. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது, கூலியைக் கணக்கிடுவது, வருகையைக் குறிப்பது, வேண்டாதபோது வெளியே அனுப்புவது என்னும் நான்கு வேலைகளும் மாறவில்லை. ஆகையால் இப்பெயர்கள் அனைத்தையும் ஒரே மரபின் கிளைகளாகவே நான் கருதுகிறேன்.

செம்மேட்டில் இருந்துகொண்டு இதனைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. செம்மேடு கொல்லிமலையின் தலைமையூர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் மரவள்ளியும் விளையும் நாடு விரிகிறது. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் நிலமுடையவர்களே. எனினும் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும், வீட்டில் கல்யாணமோ நோயோ வந்த காலத்திலும் அவர்களுள் பலர் கீழே இறங்கி நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் வெளி மாநிலத் தோட்டங்களுக்கும் செல்கின்றனர். அவ்வாறு செல்வோரின் பயணம் பெரும்பாலும் பேருந்து நிலையத்தில் தொடங்குவதில்லை. ஒருவர் வந்து, திண்ணையில் அமர்ந்து, கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, ‘வேலை தயாராக இருக்கிறது’ என்று சொல்லும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.

செம்மேட்டிலே வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா எடுக்கிறார்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி, கானகத்தில் தன்னைக் கண்ட பாணர் கூட்டத்திற்கு ஊனும் பொன்னும் மணியும் வழங்கினான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவ்வாறு கொடுத்ததன் பொருள் என்ன? வாங்கியவன் கொடுத்தவனைத் தேடிக்கொண்டு வந்து பணி செய்ய வேண்டியதில்லை என்பதே. கொடை வாங்கியவனை விட்டுவிடுகிறது. முன்பணமோ வாங்கியவனைக் கட்டிப்போடுகிறது. ஓரியின் மலையிலே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். கடந்த 200 ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு உழைப்பாளரின் வரலாற்றைப் பெரிதும் எழுதியது அந்த முன்பணமே.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் சென்றனர். அவர்களைத் திரட்டிச் சென்றவர் கங்காணி. அவர் வெளியாள் அல்லர். அதே ஊரினர், பல வேளைகளில் உறவினர். தோட்டத் துரை அவரிடம் முன்பணம் கொடுத்து அனுப்புவார். கங்காணி ஊருக்கு வந்து கடனை அடைத்து, வழிச்செலவு கொடுத்து, ஆட்களை அழைத்துச் செல்வார். கொடுத்த தொகை முழுவதும் தொழிலாளியின் பற்றில் ஏறும். தோட்டத்தில் தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள் ஒவ்வொன்றிற்கும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று ‘பென்ஸ் காசு’ கிடைக்கும். ஆகவே நோயாளியும் வேலைக்கு வர வேண்டும் என்பதில் அவருக்கு ஆதாயம் இருந்தது. தொழிலாளி கடனிலிருந்து மீளாதிருப்பதிலும் அவருக்கு ஆதாயம் இருந்தது.

இலங்கையில் ‘துண்டு’ என்றொரு முறை வழங்கியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குப் போக விரும்பும் தொழிலாளிக்கு, அவன் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதி ஒரு துண்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தொகையைச் செலுத்தும் தோட்டம் அவனை எடுத்துக்கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு. உண்மையில் கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு நடந்து சென்றது. மனிதன் அதன் பின்னே சென்றான். தொழிலாளர் தட்டுப்பாடு மிகுந்தபோது துண்டின் தொகை ஏறியது. ஒரு குடும்பத்தின் கடன் தோட்டங்களுக்கிடையே விலைபேசப்படும் பொருளாயிற்று. 1921-ஆம் ஆண்டின் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

மலாயாவிலே வேறொரு தடை முயற்சி நடந்தது. அங்குச் செல்லும் கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும். அதில் எத்தனை ஆட்களைச் சேர்க்கலாம் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆட்கள் புறப்படுவதற்குக் கிராம முனிசீப்பின் கையொப்பம் வேண்டும். பின்னர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் அவர்கள் சோதிக்கப்பட்டுக் கப்பலேறுவர். 1922-ஆம் ஆண்டில் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய அரசின் முகவர்கள் இலங்கையிலும் மலாயாவிலும் அமர்த்தப்பட்டனர். இவையெல்லாம் ஆளெடுப்பவனின் ஒழுக்கத்தைக் காவல் செய்ய எழுந்த முதல் வேலிகள் எனலாம். வேலி பயன்பட்டதா? ஓரளவு பயன்பட்டது. ஆனால் கையொப்பமிடும் முனிசீப்பு கங்காணியின் நண்பராக இருந்த ஊரில், உரிமச் சீட்டு காகிதமாகவே நின்றது. இறுதியில் இந்திய அரசு, உதவிப் பணம் பெற்றுச் செல்லும் உடலுழைப்பாளரின் குடிபெயர்வை மலாயாவுக்கு 1938-இலும் இலங்கைக்கு 1939-இலும் தடை செய்தது. ஆளெடுப்போரின் அறத்தைத் திருத்த இயலாதபோது ஆளெடுப்பையே நிறுத்தும் நிலை வந்தது என்பதை இங்கே நாம் கருத வேண்டும்.

தோட்டத்தில் கங்காணி செய்ததை ஆலையில் மேஸ்திரி செய்தார். சென்னையில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. ஆலை நிர்வாகிகளுக்குத் தமிழோ தெலுங்கோ தெரியாது; தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டிற்கும் நடுவில் நின்றவர் மேஸ்திரி. வேலை கற்பிப்பவர், வேலை வாங்குபவர், ஆளைச் சேர்ப்பவர், ஆளை நீக்குபவர் எல்லாம் அவரே. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் முன்னின்று முயல, பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றனர். அந்நாளில் தொழிலாளர் சொன்ன குறைகளைப் பார்த்தால், கூலியும் உணவு இடைவேளையும் மட்டும் அவற்றில் இடம்பெறவில்லை. மேற்பார்வையாளர் நடத்தும் முறையும் இடம்பெற்றிருந்தது. மனிதன் மனிதனாக நடத்தப்படவில்லை என்ற வருத்தமே சங்கத்திற்கு வித்தாயிற்று.

1929-இல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய ஜான் ஹென்றி விட்லியின் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமர்த்தப்பட்டது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் என்.எம். ஜோஷியும் அதன் உறுப்பினர்களுள் இருவர். 1931-இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆலைகளில் வேலை பெறுவதற்கும் பெற்ற வேலையைக் காத்துக்கொள்வதற்கும் தொழிலாளர் இடையாட்களுக்குக் கையூட்டுக் கொடுத்து வந்ததை எடுத்துரைத்தது. அதற்கு மருந்தாக அக்குழு ஒரு புதிய பதவியைப் பரிந்துரைத்தது: தொழிலாளர் அலுவலர். நேர்மையும், மக்களைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும், அவர்களுடைய மொழியில் பேசும் திறமையும் உடையவரையே அப்பதவியில் அமர்த்த வேண்டும் என்றது. அவர் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். அவர் மூலமாக அன்றி எவரையும் வேலைக்குச் சேர்க்கக் கூடாது. மேலாளரே நேரில் அவர் கருத்தைக் கேட்டுச் செய்தால் அன்றி, அவர் இசைவில்லாமல் எவரையும் நீக்கவும் கூடாது என்றது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விட்லி குழு மேஸ்திரிக்கு நல்லுரை கூறித் திருத்த முற்படவில்லை. கையூட்டு வாங்கும் வாய்ப்பு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த அதிகாரத்தையே அவரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொன்னது. பம்பாயில் 1934-இல் சட்டத்தின் வழியே அரசுத் தொழிலாளர் அலுவலர் பதவி உண்டாயிற்று. 1935-இல் அந்நகரத்துப் பஞ்சாலைகளில் பதிலித் தொழிலாளரை வரிசைப்படி எடுக்கும் முறை வந்தது. அதற்கு முன்பு காலையில் ஆலை வாயிலில் கூடும் கூட்டத்திலிருந்து யாரை உள்ளே விடுவது என்பது இடையாளின் விருப்பம். பின்பு பதிவேடு அதனைத் தீர்மானித்தது. விருப்பத்தின் இடத்திலே பதிவேடு வந்து அமர்ந்ததைத் தொழில் உலகின் பெரிய மாறுதல்களுள் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

நாடு விடுதலை பெற்ற பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இப்பதவிக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்று அதன் 49-ஆவது பிரிவு விதித்தது. தோட்டங்களுக்கு 1951-ஆம் ஆண்டின் சட்டம் அந்த எண்ணிக்கையை 300 என வைத்தது. அலுவலரின் தகுதி, கடமை, பணி நிலைமை ஆகியவற்றை மாநில அரசுகள் விதிகளால் வரையறுத்தன; சென்னை மாநிலத்தின் விதிகள் 1953-இல் வந்தன. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இச்சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. தொழிற்சாலைக்கும் சுரங்கத்திற்கும் தோட்டத்திற்கும் பொதுவாக 250 என்னும் எண்ணை வைத்தது.

இந்த நல அலுவலரின் நிலை விந்தையானது. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளி. அவர் காக்க வேண்டியவர் தொழிலாளி. ஒரு கையால் ஊதியம் வாங்கி, மறு கையால் ஊதியம் கொடுத்தவரையே தடுக்க வேண்டிய பதவி இது. ஆகவே பல மாநில விதிகள், நல அலுவலர் தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராக மன்றங்களில் தோன்றக் கூடாது என்று தடுத்தன. அவ்வளவு போதுமா? முதலாளிக்குப் பிடிக்காத உண்மையைச் சொன்ன அலுவலரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

இக்கேள்வி பஞ்சாபில் உயிர் பெற்று எழுந்தது. அங்கே 1952-ஆம் ஆண்டின் விதிகளின்படி, கண்டனம் தவிர வேறெந்தத் தண்டனையையும் தொழிலாளர் ஆணையரின் முன் இசைவின்றி நல அலுவலருக்கு விதிக்க இயலாது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மாநில அரசிடம் மேல்முறையிடலாம். ஒரு சிமெண்டு நிறுவனம் தன் ஆலையின் நல அலுவலரை ஒரு மாதச் சம்பளம் கொடுத்து நீக்கிவிட்டது. அவர் அரசிடம் முறையிட்டார். அரசு அவரை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1964 டிசம்பர் 9 அன்று தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் உள்ளிட்ட அமர்வு, இத்தகைய மேல்முறையீட்டை விசாரிக்கும்போது மாநில அரசு நீதி வழங்கும் தீர்ப்பாயமாகவே இயங்குகிறது என்று முடிவு செய்தது. சட்டக் கல்லூரிகளில் இவ்வழக்கைத் ‘தீர்ப்பாயம்’ என்னும் சொல்லின் பொருளுக்காகப் படிக்கிறார்கள். நான் அதனை வேறொரு பாடத்திற்காக நினைவு கூர்கிறேன். நேர்மையாக நடக்க வேண்டும் என்று ஒருவரைக் கேட்பதற்கு முன்பு, நேர்மையாக நடந்தால் சோறு போகாது என்ற உறுதியை அவருக்கு அளிக்க வேண்டும்.

இனி, இத்தொழிலைச் செய்வோரே தமக்குள் அமைத்துக்கொண்ட ஒழுங்கைக் காண்போம். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1913-இல், தொழிற்சாலைகளில் நலப்பணி செய்தோர் கூடி ஒரு சங்கம் கண்டனர். அது 1946-இல் பணியாளர் மேலாண்மைக் கழகம் என்ற பெயரை ஏற்றது. 2000-ஆவது ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. இந்தியாவில் 1947-இல் கல்கத்தாவில் பணியாளர் மேலாண்மைக் கழகமும், 1950-இல் பம்பாயில் தொழிலாளர் மேலாண்மைக் கழகமும் தோன்றின. 1980-இல் இரண்டும் இணைந்து தேசியப் பணியாளர் மேலாண்மைக் கழகமாயின. இத்தகைய சங்கங்கள் ஒழுக்க நெறிகளை வகுத்துக்கொண்டன. மறைபொருளைக் காத்தல், பாகுபாடு காட்டாமை, பதவியைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தாமை முதலியவை அவற்றின் சாரம்.

நெறி நல்லதே. ஆனால் அதன் பின்னே நிற்கும் கோல் எங்கே? கணக்காயர் தவறிழைத்தால் 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காயர் சட்டப்படி அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். வழக்கறிஞர் தவறிழைத்தால் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி அவர் மன்றத்தில் தோன்றும் உரிமையைப் பறிக்கலாம். பணியாளர் அதிகாரிக்கு அத்தகைய சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். அவரோ மறுநாள் அதே நாற்காலியில் அமர்ந்து அதே வேலையைச் செய்யலாம்.

பட்டயம் பெற்ற சங்கம் உள்ள நாட்டிலும் இந்தக் குறை வெளிப்பட்டது. 2009-இல் இங்கிலாந்தின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் ஒரு மறைமுக அமைப்பின் அறையைச் சோதனையிட்டபோது, 3,213 பேரைப் பற்றிய கோப்புகள் அகப்பட்டன. கட்டடத் தொழில் நிறுவனங்கள் பல சேர்ந்து பணம் கொடுத்து வைத்திருந்த கறுப்புப் பட்டியல் அது. தொழிற்சங்கத்தில் முனைந்து நின்றவர், வேலையிடத்தில் பாதுகாப்பில்லை என்று குறை சொன்னவர் முதலியோரின் பெயர்கள் அதில் இருந்தன. புதிய ஆள் வேலைக்கு விண்ணப்பித்தால் நிறுவனங்களின் பணியாளர் பிரிவுகள் அப்பட்டியலைப் பார்த்துத் தள்ளின. பலருக்குத் தாம் ஏன் ஆண்டுக்கணக்கில் வேலையின்றி அலைந்தோம் என்பது அன்றுதான் விளங்கியது. பட்டியலை நடத்தியவருக்கு 5,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. 2010-இல் இத்தகைய பட்டியலைத் தடுக்கும் விதிகள் வந்தன. 2016-இல் பெரிய நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்தில் வருத்தம் தெரிவித்து இழப்பீடு கொடுத்தன. ஒழுக்க நெறி ஏட்டில் இருந்த காலத்திலேயே இவ்வளவும் நடந்தது. கோப்புகளைத் திறந்தது நெறியன்று. சோதனையிடும் அதிகாரம் பெற்ற அலுவலகம்.

நேயர்கள் நினைக்கலாம்: இவை பட்டணத்துச் செய்திகள், மலைக்கு இவற்றால் என்ன? மலைக்கு நேரே வருவோம். கங்காணி மறைந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவருடைய வேலை மறையவில்லை. ஒப்பந்தக்காரர், தரகர், முகவர் என்னும் பெயர்களில் தொடர்ந்தது. 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1976-இல் நிறைவேறிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்திற்காக உழைப்பை அடகு வைக்கும் முறையை ஒழித்தது. அத்தகைய கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் கூறியது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. 1983-இல் உச்ச நீதிமன்றம், ஒருவன் கட்டாய உழைப்புச் செய்வது தெரியவந்தால், அவன் முன்பணம் வாங்கியதனாலேயே அவ்வாறு செய்கிறான் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது. முன்பணத்திற்குச் சீட்டு இல்லை, சாட்சி இல்லை என்று கைவிரித்து நின்ற ஏழைக்கு அந்தத் தீர்ப்பு பெரும் துணையாயிற்று.

1979-இல் வெளிமாநிலப் புலம்பெயர் தொழிலாளருக்கென ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிழற்படம் ஒட்டிய கையேடு ஒன்று கொடுக்க வேண்டும். வேலை செய்யும் இடம், காலம், கூலி, திரும்பும் செலவு, பிடித்தம் ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட வேண்டும். வேலைக்காலம் முடிந்தபின் ஒப்பந்தக்காரருக்கு எஞ்சி நிற்கும் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றும் அச்சட்டம் கூறியது. அந்தக் கையேட்டையும் இலங்கையின் பழைய துண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். துண்டிலே தொழிலாளி பிறருக்குக் கொடுக்க வேண்டியது எழுதப்பட்டது. கையேட்டிலே பிறர் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியது எழுதப்பட்டது. ஒரு நூற்றாண்டின் போராட்டம் இவ்விரு தாள்களுக்கு இடையே அடங்கியிருக்கிறது. கையேட்டைக் கண்ணாலும் காணாத தொழிலாளர் ஏராளமாக இருந்தனர் என்பதும் அதே வரலாற்றின் பகுதியே. இந்தச் சட்டமும் இப்போது புதிய சட்டத்தொகுப்பினுள் கலந்துவிட்டது.

நம் பக்கத்திலேயே நடந்த மற்றொன்றைக் கூறாமல் விட இயலாது. 1990-களின் இறுதி முதல் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. 3 ஆண்டு வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்பது வாக்கு. பெண்ணின் பெற்றோரிடம் அதனைச் சொன்னவர் தரகர். இடையில் நோயுற்றோ மனமுடைந்தோ திரும்பிய பெண் பலவேளைகளில் அத்தொகையை இழந்தாள். முன்பணம் உழைப்புக்கு முன்னே கொடுத்துக் கட்டியது. இங்கே ஊதியத்தைப் பின்னே நிறுத்திக் கட்டினார்கள். கயிற்றின் நுனி எந்தப் பக்கத்தில் இருந்தால் என்ன, முடிச்சு ஒன்றே. அந்த ஆலைகளிலும் அலுவலகம் இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது, பணியாளர் பிரிவு என்ற பெயர்ப்பலகையும் பல இடங்களில் இருந்தது. படித்த அதிகாரி உள்ளே அமர்ந்திருக்க, படிக்காத தரகர் வெளியே ஆள் பிடித்தார். தரகரின் வாக்குக்குத் தாம் பொறுப்பில்லை என்று உள்ளே இருந்தவர் சொல்வாராயின், மேஸ்திரியின் அதிகாரத்தை எடுத்து நேர்மையான அலுவலரிடம் கொடுக்கச் சொன்ன 1931-ஆம் ஆண்டின் அறிக்கை வீணே எழுதப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவுகள் சில. முதலாவது, தேர்ந்தெடுக்கப்படுபவனிடமிருந்து தேர்ந்தெடுப்பவன் காசு பெறக் கூடாது. கங்காணியின் தலைக்காசும், மேஸ்திரியின் கையூட்டும், தரகரின் கழிவும் இந்த ஒன்றை மீறியதால் விளைந்தவையே. இரண்டாவது, நிறுவனத்தின் பெயரால் வெளியே ஆள் சேர்ப்பவரின் சொல்லுக்கு உள்ளே இருக்கும் பணியாளர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். ஒப்பந்தக்காரர் என்ற திரை இருவருக்கும் நடுவில் தொங்கலாகாது. மூன்றாவது, உண்மை சொல்லும் அதிகாரிக்குப் பஞ்சாபின் பழைய விதியைப் போன்ற காவல் வேண்டும். நான்காவது, நெறியை மீறியவர் பெயரை எழுதி நீக்குவதற்கு ஒரு பதிவேடு வேண்டும். அதனைத் திறந்து பார்க்கும் உரிமை வெளியார்க்கும் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மருத்துவத்தையும் சட்டத்தையும் போல இத்தொழிலுக்கு எல்லை கட்ட இயலாது. சிறு பட்டறை நடத்துபவரும் ஆள் எடுக்கிறார், அவரையும் பதிவேட்டில் எழுதுவதா என்று கேட்பர். கேள்வி நியாயமானது. பட்டறைக்காரர் தம் ஆளைத் தாமே எடுக்கிறார். தவறினால் அவரைத் தொழிலாளி நேரே கேட்கலாம். நூற்றுக்கணக்கானவரின் பிழைப்பைப் பிறருக்காகத் தீர்மானிப்பதையே தொழிலாகக் கொண்டவரின் நிலை வேறு. எடை போடுவதையே தொழிலாகக் கொண்டவன் தராசுக்கு முத்திரை கேட்கிறோம்; வீட்டில் உப்பை அள்ளிப் போடுகிறவளிடம் கேட்பதில்லை. எல்லை கட்டுவது அரிது என்பது உண்மை. அரிது என்பதனால் வேண்டாம் என்று ஆகாது.

சட்டமும் சங்கமும் தம் கடமையைச் செய்யும் வரை மலை காத்திருக்க வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் விழிப்புக்குழு அமைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. மாவட்டக் குழுவில், அம்மாவட்டத்திலேயே வாழும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மூவரை ஆட்சியர் நியமிக்க வேண்டும். கொல்லிமலையின் மக்கள் தங்களுள் ஒருவரை அந்த இருக்கையில் காணும் உரிமை உடையவர்கள். திண்ணையில் வந்து அமர்ந்து பணம் நீட்டுபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் எளியவையே: எந்த நிறுவனம், எவ்வளவு கூலி, எத்தனை நாள், திரும்பி வரச் செலவு யார் தருவது, இதனை எழுதித் தருவீரா? கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில் கையை நீட்டாதிருப்பது நன்று. எழுதித் தருபவரிடம் வேலை பெற்றுச் செல்வோர் ஆடி விழாவிற்கு, எவருக்கும் கடன்படாதவராக, 70 வளைவுகளையும் ஏறி வீடு வந்து சேர்வர்.